வாசலில் நிற்பவர்

1

சென்ற ஐப்பசியில் பதினோரு நாள் என் வீட்டுக்குள் என்னால் போக முடியவில்லை. உடம்போடு போவதைச் சொல்லவில்லை. ஓசூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் நாகரசம்பட்டிக்கு எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். வங்கியில் லீவு கிடைத்தால். நான் சொல்வது வேறு விதமான போதல். அங்கே, நெல் மூட்டை அடுக்கும் உள்ளறையில், ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசூர் அறையிலிருந்து தினமும் நான் அதற்குள் போய் வருவேன். வீட்டு சர்வர் என்று அதற்குப் பெயர்.

நான் வேலைக்குச் சேர்ந்த 2010-ல் வாங்கியது. உபுண்டு 10.04 என்ற இயங்குதளத்தை ஒரு நண்பர் ஏற்றிக்கொடுத்தார். அந்த வருஷம் ஏப்ரலில் வெளிவந்தது அது. சர்வர்களுக்கான அதன் பராமரிப்பு 2015 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் நான் அதைத் தொடவில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்பது சோம்பேறிகளின் தத்துவம். வெகுநாள் அதை நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் இரண்டு சேமிப்புகள். ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா, சுற்றுப்பட்டு ஊர்களின் பாரதக் கூத்துகளில் டேப் ரிகார்டரை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பதிவுசெய்த நாற்பத்திரண்டு காசெட்டுகள், ஒலிக்கோப்புகளாக மாற்றப்பட்டவை. மற்றது, நண்பர்கள் சிலரும் நானும் பல வருஷமாக ஸ்கேன் செய்து சேர்த்த சிறு பத்திரிகைகள். தருமபுரியிலும் பெங்களூரிலும் சேலத்திலும் இருக்கும் ஐந்தாறு பேர் அவ்வப்போது உள்ளே வந்து ஒரு பழைய இதழைப் புரட்டிப் போவார்கள். இதைப் படிக்கிறவர்களில் ஓரிருவருக்கு அந்த வழி தெரியும்.

ஒரு மழை இரவில் மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, காலையில் மின்சாரம் திரும்பியபோது இயந்திரம் திரும்பவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன். அம்மா எட்டாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளை அறிவார், சொற்களை அறியார். திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தார். நான் வங்கிச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். எழுத்துகள் சேர்ந்து வாக்கியமானபோது விஷயம் புரிந்தது. உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் இயந்திரத்துக்கு நேரத்தை நினைவில் வைத்திருப்பது அது. அது செத்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, எஃப் 1 பொத்தானை யாராவது அமுக்குவதற்காக அந்த இயந்திரம் காலையிலிருந்து காத்து நின்றது. அம்மா அமுக்கினார். உடனே வேறொரு வாக்கியம் வந்தது. அதையும் எழுத்து எழுத்தாக வாசித்தார். இயந்திரத்தின் கடிகாரம் 2009 ஜனவரிக்குப் போயிருந்தது. வட்டில் பதிந்திருந்ததோ இந்த வருஷத்து ஐப்பசி. கடைசியாக நான் விழித்திருந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே, இது எப்படி என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

"மூணு லைட்டு எரியுதுப்பா. ஒண்ணு சேப்பா இருக்குது. அது சேப்பா இருக்கலாமா?" என்றார் அம்மா.

2

கோளாறு ஒன்று என்றால் காரணமும் ஒன்று என்று நினைப்பது நம் பழக்கம். விமர்சனத்திலும் அப்படித்தான் எழுதுகிறோம். இங்கே காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. ஒன்றை அகற்றினால்தான் அடுத்தது தெரிந்தது.

பேட்டரிக்கு அடுத்தது முகவரி. முன்பு தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே இணைப்பு வந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு உலகத்துக்குத் தெரிந்த ஒரு எண் இருந்தது. அடிக்கடி மாறும், ஆனாலும் இருந்தது. மழை இரவுக்குச் சில நாள் முன் ஊரில் பைபர் வந்தது, கம்பி போயிற்று. ரௌட்டரின் வெளிப்பக்க எண்ணை அம்மா வாசித்தபோது அது 100.64 என்று தொடங்கியது. விவரம் அறிந்தவனுக்கு அந்த நூறே போதும். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் 429 கோடி எண்கள்தான் சாத்தியம். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டு முடிந்தன. அடுத்த வருஷம், இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்குவதற்கென்று 100.64-ல் தொடங்கும் ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. பல வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து வெளியே கூப்பிடலாம். வெளியிலிருந்து அந்த வீடுகளைக் கூப்பிட முடியாது.

நம் ஜனங்களில் கோடிக்கணக்கானோர் இன்று இந்த ஸ்திதியில்தான் இணையத்தில் இருக்கிறார்கள். எல்லோரையும் எட்டலாம் என்ற பிரமையும், எவராலும் எட்டப்பட முடியாத நிலையும் ஒருசேர. அந்நியமாதல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நமக்கு இதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

அதற்கும் கீழே, மொழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பேட்டரி மாற்றி, வீட்டுக்குள்ளேயே அமர்ந்து, என் புது மடிக்கணினியிலிருந்து கிழவனோடு பேச முயன்றேன். வலைப்பக்கம் திறக்கவில்லை. அது பேசத் தெரிந்த பாதுகாப்பு மொழி டி.எல்.எஸ். 1.0, 1999-ல் வகுக்கப்பட்டது. பெரிய உலவிகள் 2020-ல் அதைக் கைவிட்டன. 2021 மார்ச்சில் அது முறைப்படி வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்னொரு வழியான எஸ்.எஸ்.எச். மூலம் போனேன். அங்கும் மறுப்பு. கிழவன் தன்னை யாரென்று நிரூபிக்கப் போடும் கையெழுத்து, எஸ்.ஹெச்.ஏ.-1 என்ற முறையைச் சார்ந்தது. 2017-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து அந்த முறையில் இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே முத்திரை விழச்செய்து காட்டினார்கள். பிறகு அத்தகைய மோசடியின் செலவு ஐம்பதாயிரம் டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.8 அந்தக் கையெழுத்தை ஏற்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் இவ்வளவு நாள் நான் உள்ளே போய்க்கொண்டிருந்தது ஓசூர் அறையில் இருந்த பழைய மடிக்கணினியின் தயவில். அதை அந்த மாதம்தான் மாற்றியிருந்தேன்.

இங்கு நிதானிக்க வேண்டும். பழைய இயந்திரம் பொய் சொல்லவில்லை. நேற்றுவரை போட்ட அதே கையெழுத்தைத்தான் போட்டது. புதியதும் தவறு செய்யவில்லை. அந்தக் கையெழுத்தை வேறு எவனும் போடக்கூடும் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. இருவரும் சரி, ஆகவே கதவு திறக்கவில்லை. இதை சோகம் என்று சொல்லக் கூசுகிறேன். ஆனால் இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

3

இந்த இடத்தில் ஒரு இலகுவான பேச்சு நம் வட்டத்தில் உண்டு. புதியது எல்லாம் வியாபாரம், பழையதைக் கைவிடாதவனே மனிதன் என்பது போன்ற பேச்சு. நானே பேசியிருக்கிறேன். ஆனால் பழைய கதவைத் திறந்துபோட்டு வைப்பது என் சொந்த விஷயம் அல்ல என்று இந்தப் பதினோரு நாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் ஒரு பகலில் விட்டு விட்டு முடங்கின. காரணம் எதிரி நாட்டுப் படை அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் யாரும் கவனிக்காமல் மாட்டி வைத்திருந்த காமிராக்களும் ரௌட்டர்களும். மிராய் என்ற நிரல், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட வழக்கமான கடவுச்சொல் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே அவற்றைப் பிடித்துப் பிறர் மேல் ஏவியது. அந்தக் காமிராக்களின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கல் வீசப்பட்டது. அவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று என் விஷயத்துக்கு மிக நெருக்கம். வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற நிறுவனம் 2010-ல் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை விற்றது. தூரத்திலிருந்து எட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. 2015-க்குப் பிறகு அதன் நிரலை அந்நிறுவனம் புதுப்பிக்கவில்லை. 2021 ஜூனில் ஒரு நாள், உலகின் பல பாகங்களில் அந்தப் பெட்டிகள் தம்மைத் தாமே துடைத்துக்கொண்டன. வருஷக்கணக்கான புகைப்படங்கள் போயின. வெளியிலிருந்து எவனோ, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பு என்று கட்டளையிட்டிருந்தான். பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது இது: அந்தக் கட்டளைக்கு முன் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் எழுதப்பட்டே இருந்தன. ஆனால் அவை செயல்படாத குறிப்புகளாக மாற்றி விடப்பட்டிருந்தன. காவலாளிக்கு இடம் ஒதுக்கி, நாற்காலியும் போட்டு, ஆளை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

ஆக, எதிர்ப்பக்கத்தின் நியாயம் பலமானது. என் அக்கா மகன் சொன்னான்: "எல்லாத்தையும் ஏதாவது ஒரு கம்பெனி சர்வர்ல போட்டுடுங்க மாமா. தலைவலி விட்டுச்சு." தவறான யோசனை இல்லை. அங்கே கதவுக்கு ஆள் உண்டு. ஆனால் எது பழையது, எது போதும் என்பதை அந்த ஆள் தீர்மானிப்பான். மை புக் லைவ் விஷயத்தில் தீர்மானித்த மாதிரி.

இரண்டு யோசனைகளும் ஒரே ஆசையிலிருந்து பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கதவு திறந்தே இருந்தால் யாரும் அங்கே நிற்க வேண்டாம். பூட்டியே இருந்தாலும் நிற்க வேண்டாம். இரண்டுமே அந்த உழைப்பிலிருந்து தப்பும் வழிகள்.

4

காஃப்காவின் 'சட்டத்தின் முன்' 1915-ல் வெளிவந்தது. கிராமத்தான் ஒருவன் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான். காவலாளி இப்போது விட முடியாது என்கிறான். ஆயுள் முழுதும் காத்து அவன் சாகும் தறுவாயில், இந்த வாசல் உனக்கென்றே இருந்தது என்று சொல்லிக் காவலாளி கதவை மூடப்போகிறான். நாம் எல்லோரும் இதைக் கிராமத்தானாகவே இருந்து படித்திருக்கிறோம். 'விசாரணை' நாவலில் இக்கதையைச் சொல்லும் பாதிரியார், ஏமாந்தவன் காவலாளிதான் என்று ஒரு வியாக்கியானம் இருப்பதையும் சொல்கிறார். அதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். எனக்கு அப்படிக் கடக்க முடிவதில்லை. பகல் பத்து மணி முதல் நான்தான் அந்தக் காவலாளி.

எங்கள் கிளைக்குத் தளிப் பக்கத்திலிருந்து குடும்ப ஓய்வூதியம் வாங்க ஒரு கிழவி வருகிறார். தெலுங்குதான் பேசுவார். நவம்பர் தோறும், தான் உயிரோடிருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறை வந்தது. விரல் வைத்தால் போதும். அவருக்குப் போதவில்லை. ஆயுள் முழுக்கக் களை பிடுங்கியும் பட்டுக்கூடு பிரித்தும் விரல் ரேகைகள் தேய்ந்துவிட்டன. எதிரே நின்று மூச்சுவிடுகிற ஒருத்தியை இயந்திரம் இல்லை என்கிறது. நான் எழுந்து போய் அதிகாரியிடம், இவரை எனக்குத் தெரியும் என்று சொல்வேன். அவர் காகிதச் சான்றில் கையெழுத்திடுவார். இதுதான் மனிதாபிமானம் என்று கட்டுரையை இங்கே முடித்தால் எனக்கும் சௌகரியம்.

முடிக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன் ஒருவன், நடமாட முடியாத தன் தாயின் கைநாட்டுள்ள சீட்டோடு வந்தான். மாதந்தோறும் தாயைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவன். அவனுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுப்பேன். தெரிந்தவர் என்று சொன்னேன். பணம் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் அந்தத் தாய் வேறொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, பாஸ்புத்தகத்தை நீட்டி, இது எப்படிக் குறைந்தது என்று கேட்டார். நான் அறிவேன் என்று சொன்னது மகனை. கைநாட்டு தாயுடையது. அந்த இடைவெளி அப்போது எனக்குத் தெரியவில்லை. விளக்கக் கடிதம் எழுதிக்கொடுத்தேன், தொகையை ஈடுகட்டினேன். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்ததை ஈடுகட்ட வழி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் யாருக்கும் தெரிந்தவர் என்று சொல்லவில்லை. தளிக் கிழவி மூன்று முறை பஸ் ஏறி வந்து போனார். விதிப்படி நான் செய்தது சரி. அந்த வருஷம்தான் நான் என் வேலையில் மிக மோசமானவனாக இருந்தேன்.

சரிபார்ப்பதும் அடையாளம் காண்பதும் வெவ்வேறு காரியங்கள். சரிபார்ப்பது தூரத்திலிருந்து நடக்கும். இரண்டு குறிகள் பொருந்தினால் போதும். அடையாளம் காண அருகில் இருக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும், அது தவறும். முதலாவது முதியவர்களைத் தவறவிடுகிறது. இரண்டாவது திருடர்களைத் தவறவிடுகிறது. ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கிறபோதெல்லாம் அநீதி நேர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள், தன் பெயரில், தன் பொறுப்பில், இந்த ஒருவருக்காக, இந்த ஒரு முறை என்று நின்றால் தவிர இதற்குத் தீர்வு எனக்குத் தெரியவில்லை. தளிக் கிழவியின் தெலுங்கை அதிகாரியின் தமிழுக்குப் பெயர்ப்பதைப் போல, அது இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த ஒருவன் செய்கிற வேலை.

5

வீட்டில் நான் செய்ததும் அதுதான், சின்ன அளவில்.

எஸ்.எஸ்.எச்.-சில் ஒரு வரி எழுதினால் பழைய கையெழுத்தை ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். அந்த வரியை எல்லா இயந்திரங்களுக்குமாக எழுதலாம். ஒரே ஒரு இயந்திரத்தின் பெயரைப் போட்டு அதற்கு மட்டும் என்றும் எழுதலாம். முதலாவது கொள்கை, இரண்டாவது உறவு. உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை பலகை ஒன்று வாங்கி, கிழவனுக்கு முன்னால் வைத்தேன். இன்றைய மொழி பேசுவது, பராமரிப்பு உள்ளது. அது கிழவனின் கையெழுத்தை மட்டும், வீட்டுக்குள் மட்டும் ஏற்கும். கிழவன் இனி நேரடியாக வெளியுலகத்தைப் பார்ப்பதில்லை. முகவரி இல்லாத குறைக்கு, இந்தப் பலகையே வெளியே கூப்பிட்டு, மாத வாடகைக்கு நான் எடுத்த ஓர் இயந்திரத்தோடு இடைவிடாமல் தொடர்பைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் அந்த வாடகை இயந்திரத்துக்குப் போய், வீடு நீட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத் திரும்பி வருகிறேன். 'எழுத்து'வின் பிரசுரங்களைச் செல்லப்பா தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனது நினைவுக்கு வந்தது. முகவரி தெரியாத வீட்டுக்கு வாசகன் வர முடியாது. வீடுதான் கிளம்பிப் போக வேண்டும்.

முதன்முதலாக இரண்டு இயந்திரங்களை இணைக்கும்போது, எதிரே இருப்பதன் கைரேகை இது, நம்பலாமா என்று எஸ்.எஸ்.எச். கேட்கும். எல்லோரும் யோசிக்காமல் ஆம் என்று தட்டுவோம். 2010-லிருந்து நானும் அப்படித்தான். இம்முறை, கிழவனின் திரையிலிருந்து பதினாறு ஜோடி எழுத்துகளையும் எண்களையும் அம்மா வாசிக்க, நான் இங்கே ஒத்துப் பார்த்தேன். வங்கியில் நாள் முடிவில் ஒருவர் வாசிக்க ஒருவர் டிக் போடுவதைப் போல. பொருந்தியது. அந்த இயந்திரத்தை நான் முதன்முறையாகச் சரிபார்த்தது அன்றுதான்.

வேலை முடிந்தது என்று எழுந்தபோது அம்மா கேட்டார்: "இதுக்கு மாசம் எவ்ளோ கரண்டு ஆகுதுன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. கணக்குப் போட்டேன். 80 வாட், இருபத்துநான்கு மணி நேரம், முப்பது நாள்: 57 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 115. வீடுகளுக்கு அரசு அப்போது இலவசமாகத் தந்த 100 யூனிட்டையும் அது ஒன்றே தின்றுவிட்டது. அம்மாவின் விளக்கும் விசிறியும் காசு கொடுத்து எரிந்தன. இவ்வளவு வருஷமாக இதை அவர் சொல்லவில்லை. பதினோரு நாள் எழுத்து எழுத்தாக வாசித்த உரிமையில் இப்போது கேட்டார்.

தொலைவிலிருந்து எட்டுவது என்று நாம் சொல்வதெல்லாம் யாரோ ஒருவர் அருகில் இருப்பதிடம் பட்ட கடன் என்று நான் எழுதலாம், எழுதியும் விட்டேன். ஆனால் அதைவிட மோசமான ஒன்று அன்று மாலை தெரிந்தது. அந்தக் காசெட்டுகளை பெங்களூர் நண்பர் கேட்டிருக்கிறார். சேலத்து நண்பர் கேட்டுக் கட்டுரைகூட எழுதினார். அந்த அறையிலேயே நெல் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்துறங்கும் அம்மா ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அந்தப் பெட்டிக்கு நான் ஸ்பீக்கர் வாங்கி மாட்டவே இல்லை.

அடுத்த முறை போனபோது வாங்கிப்போய் மாட்டினேன். 'போச்சம்பள்ளி, பதினெட்டாம் போர்' என்று அப்பா கையெழுத்தில் இருந்த காசெட்டின் கோப்பைத் திறந்தேன். எங்கள் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது. சேலத்து நண்பரின் கட்டுரையிலும். அம்மா ஐந்து நிமிஷம் போலக் கேட்டார்.

"இது போச்சம்பள்ளி இல்லப்பா. பாரூரு. துரியோதனன் கட்டியிருக்கறவரு குரல் தெரியல? உங்கப்பா உறையை மாத்திப் போட்டுட்டாரு."

பட்டியலைத் திருத்த வேண்டும். இன்னும் நாற்பத்தொன்று இருக்கின்றன.